யார் வீட்டுத் திண்ணையிலிருந்து? – சமூகவியல் ஆய்வுமுறையும் சேரியும்

1

நம்மை ஆராய வந்தவர்கள் கையில் ஒரு காலத்தில் மூக்கை அளக்கும் இடுக்கி இருந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் முடிச்சுப் போட்டார். மூக்கு அகல அகலச் சாதி இறங்கும் என்பது அவர் கண்ட விதி. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அதே இடுக்கியோடு தென்னிந்தியா முழுக்க அலைந்து, 1909இல் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளாக அடுக்கினார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களில் நல்ல வாகான ஆளாகப் பார்த்துப் பிடித்துப் பாடம் செய்து மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்களாம். தர்ஸ்டனே இதை வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. தங்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சி எந்தத் திசையில் போகிறது என்று அந்தப் பெண்களுக்குப் புரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில் அம்பேத்கர் இதே மூக்கு அளவுகளைக் கையில் எடுக்கிறார். சமூகவியலாளர் குர்யே தொகுத்திருந்த அட்டவணைகளை மாகாணம் மாகாணமாக வைத்துப் பார்க்கிறார். ஒரு மாகாணத்துப் பார்ப்பனர் அளவும் அதே மாகாணத்துத் தீண்டப்படாதார் அளவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இந்த அளவை விஞ்ஞானம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டால், பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்று முடிக்கிறார். இடுக்கி அதேதான், அட்டவணையும் அதேதான். கேட்ட ஆள் மாறினார், கேள்வி மாறியது, விடை தலைகீழானது.

எம்.ஏ. சமூகவியலில் 'ஆய்வுமுறைகள்' என்று ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளைப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சேதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2

நான் படித்தது எம்.ஏ. தமிழ். எங்களுக்கும் 'ஆராய்ச்சி நெறிமுறைகள்' என்று ஒன்று இருந்தது. அட்டையில் குறிப்பெடுப்பது எப்படி, அடிக்குறிப்புப் போடுவது எப்படி என்பதோடு அது முடிந்துவிடும். சமூகவியல் ஆய்வுமுறை எனக்கு அறிமுகமானது வகுப்பறையில் இல்லை, எங்கள் எடமலைப்பட்டி புதூர்த் தெருவில். திருச்சியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டிய மாணவர்கள் கேள்வித்தாளோடு எங்கள் பக்கம் வருவார்கள். கேள்விகளை ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு வந்து, "அண்ணா, இதைக் கொஞ்சம் தமிழ் பண்ணிக் கொடுங்க" என்பார்கள். அப்படித் தமிழ் பண்ணிப் பண்ணியே மாதிரி எடுத்தல், கருதுகோள், மாறி, பங்கேற்று உற்றுநோக்கல் எல்லாம் எனக்கும் பழகிப்போனது.

ஆய்வேட்டில் இந்தச் சங்கதிகள் வருகிற இடம் 'ஆய்வு முறையியல்' என்கிற இயல். பெரும்பாலும் முந்தைய ஆண்டு ஆய்வேட்டைப் பார்த்து எழுதப்படுவது. யாரும் படிப்பதில்லை. நான் இப்போதெல்லாம் எந்தச் சமூகவியல் நூலைக் கையில் எடுத்தாலும் அதைத்தான் முதலில் தேடிப் படிக்கிறேன். எங்கே தங்கினார், யார் கூட்டிப்போனார், யார் மொழிபெயர்த்தார், எந்த வாசல்வரை போனார் – இந்த நான்கும் தெரிந்துவிட்டால் நூலின் பாதி தெரிந்துவிடும்.

சமூக நடப்புகளைப் பொருள்களாகக் கருதி ஆராய வேண்டும் என்று பிரான்சில் எமில் துர்க்கைம் 1895இல் சொன்னார். தன் முன்முடிவுகளை ஆராய்ச்சியாளர் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அதன் நல்ல பொருள். நம் ஊரில் செருப்பைக் கழற்றலாம், சட்டையைக் கழற்றலாம், சாதியைக் கழற்ற விடமாட்டார்கள். ஆராய்ச்சியாளர் மறந்தாலும் ஊர் மறக்காது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, "தம்பி எந்தப் பக்கம்? யாரு வீடு?" என்று ஊர் தன்னுடைய நேர்காணலைத் தொடங்கிவிடும். அந்த நேர்காணலின் முடிவைப் பொறுத்துத்தான் மாணவருடைய நேர்காணல் நடக்கும்.

3

தமிழ்நாட்டில் கிராம ஆய்வின் கதை 1916இல் தொடங்குகிறது எனலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்த கிராமத்துக்குப் போய் எழுதி வாருங்கள் என்று அனுப்பினார். கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு என்று பல ஊர்கள். 1918இல் அது நூலாயிற்று. நல்ல வேலைதான். அந்த நூல் இல்லையென்றால் பல விஷயங்களுக்கு இன்று சான்று கிடையாது. கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகப் பரம்பரை பரம்பரையாக நிலக்காரனிடம் அடைபட்டுக் கிடந்த படியாள்களைப் பற்றி அதில் குறிப்பு இருக்கிறது. கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். நிலம் கைமாறினால் படியாளும் நிலத்தோடு கைமாறுவான்.

ஆனால் 1916இல் சென்னையில் பொருளாதாரம் படித்தவர்கள் யார்? அவர்களுக்குத் 'தெரிந்த கிராமம்' எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிந்திருக்கும்? படியாளைப் பற்றி எழுதியிருக்கிறதே தவிர, படியாள் பேசிய பேச்சு அந்தக் கணக்கில் ஏறவில்லை. கடன் எவ்வளவு என்பதற்குக் கொடுத்தவனிடம் ஒரு கணக்கு இருக்கும், வாங்கியவனிடம் ஒரு கணக்கு இருக்கும். முறையியலின் முதல் பாடமே இந்த இரண்டையும் கேட்பதுதான்.

அதே 1916, மே 9. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையைப் படிக்கிறார். அவர் சாதிப் பட்டியல் போடவில்லை. சாதி எந்த வழியில் உற்பத்தியாகிறது என்று கேட்டார். அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்றார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமிமணம் மூன்றும் அந்த அகமணக் கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள்கள் என்று காட்டினார். பெண்ணின் உடம்பைக் காவல் காக்காமல் சாதி நிற்காது என்று நூறாண்டுக்கு முன்னால் சொன்ன சமூகவியல் அது. இந்தியாவில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை வந்ததே 1919இல்தான்.

ஸ்லேட்டரின் ஊர்களுக்குப் பிற்பாடும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு 1916, 1937, 1961, 1980களின் தொடக்கம், 2008 என்று ஐந்து முறை ஆராயப்பட்டது. ஒரே ஊரை ஏறக்குறைய நூறு வருஷம் பார்த்த அபூர்வமான ஆய்வு. கடைசியாகப் போனவர்கள், ஊரையே கைக்குள் வைத்திருந்த பெரிய நிலக்காரக் குடும்பத்தின் பிடி தளர்ந்ததையும், தலித்துகள் விவசாயக் கூலியை மட்டும் நம்பி நிற்காமல் வெளிவேலைக்குப் போவதையும் எழுதினார்கள். திரும்பிப் போய்ப் பார்ப்பது எவ்வளவு பெரிய முறை என்பதற்கு இது சாட்சி. ஒரே தடவை போனவருக்கு அடிமைத்தனம் இயற்கை மாதிரி, மழை வெயில் மாதிரித் தெரியும். திரும்பப் போகிறவருக்குத்தான் அது மாறக்கூடியது என்று தெரியும்.

4

விடுதலைக்குப் பின் சமூகவியலாளர்கள் கிராமத்திலேயே போய்த் தங்கினார்கள். தங்கினால் உண்மை தெரியும் என்பது நம்பிக்கை. எங்கே தங்கினார்கள் என்று பார்ப்போம்.

எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் ராம்புராவில் தங்கினார். ஊர்த் தலைவரின் ஆதரவில், அவருக்குச் சொந்தமான இடத்தில். 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் நடந்த தீவைப்பில் அவருடைய குறிப்புகள் எரிந்துபோயின. நினைவிலிருந்தே 1976இல் 'நினைவில் நிற்கும் கிராமம்' என்ற நூலை எழுதினார். தன்னை ஊர் ஒரு பார்ப்பனராகவே நடத்தியது, தன் சித்திரம் மேல்சாதிப் பார்வையில் சாய்ந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நினைவு என்பது நாம் பழகிய இடத்தின் நினைவுதானே. போகாத தெரு நினைவில் எப்படி நிற்கும்?

ஆந்த்ரே பெத்தேல் 1961–62இல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் வேலை செய்து, அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் வைத்து, 'சாதி, வர்க்கம், அதிகாரம்' நூலை 1965இல் வெளியிட்டார். எம்.ஏ. சமூகவியல் படிக்கிற எல்லோரும் படிக்கிற நூல். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். பார்ப்பனர்களில் ஒருவராக எடுத்துக்கொள்ளப்பட்டதால் சேரிப் பக்கம் தன் போக்குவரத்து குறைந்தது என்று அவரும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் வகுப்பறையில் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டு, 'ஸ்ரீபுரத்தில் அதிகாரம்' என்று நோட்ஸ் கொடுக்கிறார்கள். அக்கிரகாரத்துத் திண்ணையிலிருந்து தெரிந்த ஸ்ரீபுரம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு சோதனை மாதிரியே அமைந்துவிட்ட சம்பவம் இமயமலை அடிவாரத்தில் நடந்தது. ஜெரால்ட் பெரிமன் என்ற அமெரிக்கர் 1957–58இல் டேராடூன் பக்கத்து மலைக் கிராமமொன்றில் ஆய்வு செய்தார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஒரு பார்ப்பனர். மேல்சாதிக்காரர்கள் தாராளமாகப் பேசினார்கள், கீழ்ச்சாதி என்று தள்ளப்பட்டவர்கள் வாயைத் திறக்கவில்லை. நடுவில் அந்த உதவியாளர் உடம்பு சரியில்லாமல் போய்விட, ஒரு முஸ்லிம் ஆசிரியர் அந்த இடத்துக்கு வந்தார். நிலைமை புரண்டது. மேல்சாதிக்காரர்கள் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஊர், கேள்வி, ஆய்வாளர் எதுவும் மாறவில்லை. பக்கத்தில் நின்ற ஆள் மாறினார். 1962இல் பெரிமன் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார். 'நம்பகத்தன்மை' பற்றிப் பத்து வரையறை மனப்பாடம் பண்ணுவதைவிட இந்த ஒரு கதை போதும்.

சேரிக்குள் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டு அமெரிக்கர்கள் தலித்துகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். 'சாதியமைப்பைத் தலைகீழாகப் பார்த்தால்' என்று ஜோன் மென்ச்சர் 1974இல் எழுதினார். அடியிலிருந்து பார்த்தால் சாதி என்பது ஒழுங்கான சுரண்டல் ஏற்பாடு என்பது அவர் முடிவு. மைக்கேல் மொஃபாட் 1979இல் வெளியிட்ட நூலில், சேரிக்குள்ளேயும் மேல்கீழ் வரிசை இருக்கிறது, மேலே இருப்பதையே அவர்கள் தமக்குள் படியெடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே சாதிக்கு அவர்களுடைய ஒப்புதல் இருக்கிறது என்றார். ஒரே மாவட்டம், எதிரெதிர் முடிவுகள். மொஃபாட் கண்டது பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். நமக்குள் இருக்கும் மேல்கீழை நாம்தான் முதலில் பேச வேண்டும், இந்த இதழ் மாதிரிப் பத்திரிகைகளில் பேசியும் வருகிறோம். ஆனால் படியெடுப்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றா? பண்ணையாரிடம் "ஆமாங்க சாமி" என்றவர் வீட்டுக்கு வந்து பொண்டாட்டியிடம் என்ன சொன்னார்? அந்த இரண்டாவது பேச்சைக் கேட்கிற காது வேண்டும். அது எந்த மாதிரி அட்டவணையிலும் வராது.

5

கேட்பது ஒன்று. கேட்டதை நம்புவது இன்னொன்று. 1968 டிசம்பர் 25. ஒன்றாயிருந்த தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தது. பெரும் நிலமும் காரும் வைத்திருக்கிறவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பச் சிரமமாயிருக்கிறது என்ற பொருளில் தீர்ப்பு பேசியது. நேரில் பார்த்த கூலிக்காரர் சொல்லைவிடக் காருக்கு நம்பகத்தன்மை அதிகம்! வாய்மொழிச் சான்றுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று வகுப்பில் வாதிக்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வியின் வார்த்தையும் விடையை மாற்றும். "உங்கள் ஊரில் தீண்டாமை நிலவுகிறதா?" என்று கேட்டால் "அதெல்லாம் அந்தக் காலங்க" என்று இரண்டு பக்கத்திலும் சொல்வார்கள். "டீ குடிச்ச கிளாஸை யார் கழுவி வைக்கிறது? தேர் எந்தத் தெருவோட திரும்பிடும்? பொணத்தை எந்த வழியாத் தூக்கிட்டுப் போவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். 2001–02இல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த ஆய்வு இப்படித்தான் வழக்கம் வழக்கமாகப் பிரித்துக் கேட்டது. 2006இல் நூலாக வந்தபோது, ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட தீண்டாமை, கடையிலும் பள்ளியிலும் கோயிலிலும் தனித்தனியாக எண்ணிக் காட்டப்பட்டது. 2011–12இல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு கேள்வியைத் திருப்பிப் போட்டது. பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல், உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா என்று எல்லா வீட்டிலும் கேட்டது. 27 சதவீத வீடுகள் உண்டு என்றன. வெட்கப்படாமல் சொன்னவர்கள் மட்டும் இத்தனை பேர்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவர் எழுந்தது 1989இல். நாடு முழுக்கப் பேசப்பட்டு ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே 6இல். பத்தொன்பது ஆண்டு அந்தச் சுவர் வெட்டவெளியில் வெயில் காய்ந்துகொண்டுதான் நின்றது. தீண்டாமை ஒழிப்பு இயக்கத்தார் ஊர் ஊராகப் போய் விசாரித்தபோதுதான் அது வெளியே வந்தது. நம் திருச்சி மட்டும் லேசா? மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே செத்தவர்களைச் சாதிபார்த்துப் பிரிக்கச் சுவர் வைத்த ஊர் இது. ஸ்ரீரங்கத்தின் ஏழு பிரகாரத்தைப் பற்றி எத்தனையோ ஆராய்ச்சி உண்டு. அந்த வீதிகளைக் கூட்டிப் பெருக்கியவர்களின் வரலாற்றை எம்.ஏ. ஆய்வேடாக எடுக்க ஒரு பிள்ளை முன்வர வேண்டும்.

6

கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டம் இன்னும் ஆபத்தானது. எங்கள் தெருவில் ஒரு மாணவி கேள்வித்தாளோடு வந்தாள். நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டாள். துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவிடம் "தொழில்?" என்று கேட்டு, 'அரசு / தனியார் / சுயதொழில் / கூலி' என்ற நான்கில் 'அரசு' என்பதை டிக் அடித்தாள். அந்த அம்மா எட்டிப் பார்த்து, என்ன போட்டாய் என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்: "கவருமெண்டு வேலதான் பாப்பா. ஆனா எந்த ஆபீசுல நாற்காலி போட்டு உக்காந்தேன்? சாக்கடையில எறங்குனேன்னு எழுது. எழுத எடமில்லன்னா ஓரத்துல எழுது." அவளும் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு அவளுடைய கைடு, ஓரத்தில் இருப்பது தரவு ஆகாது என்று அடித்துவிட்டாராம். அட்டவணையில் அந்த அம்மா அரசு ஊழியராகவே நிற்கிறார், பள்ளி ஆசிரியர்களோடு ஒரே கட்டத்தில்.

இது சொல் விளையாட்டு இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம், அந்தத் தொழிலில் இருப்போரைக் கணக்கெடுத்து மறுவாழ்வு தரச் சொல்கிறது. அதற்கான திட்டத்தில் முதல் உதவியாக 40,000 ரூபாய் உண்டு. ஆனால் மத்திய அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொண்டு வேலை செய்கிறவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார் என்று அதே சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறார் என்பதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு தொங்குகிறது. சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. எண்ணிக்கையில் வராத சாவுக்கு எந்த லட்சமும் வராது.

7

அப்படியானால் ஆய்வுமுறையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. அது நமக்குத்தான் அதிகம் தேவை.

டபிள்யூ.இ.பி. துபோய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1896இல் பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் மனைவியோடு குடியேறினார். அங்கே கறுப்பின மக்களின் 2,500 வீடுகள்வரை தானே படியேறிக் கேட்டார். கறுப்பர்கள் சமூகத்துக்கு ஒரு 'பிரச்சினை' என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், வேலை மறுப்பும் வாடகைக் கொள்ளையும் எப்படி அந்த வாழ்க்கையை ஆக்கின என்று 1899இல் எண்ணோடு எழுதிக் காட்டினார். அம்பேத்கர் 1946இல் துபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார் என்பதையும் இங்கே நினைக்கலாம். நம் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, நிகண்டு, பழம்பாட்டு, மக்கள் வழக்காறு, சடங்கு எல்லாவற்றையும் சான்றாக வைத்துச் சாதியற்ற ஒரு வரலாற்றைக் கட்டினார். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு ஆய்வுமுறை கற்றுக்கொடுக்கவில்லை. 1999இல் அவர் எழுத்துகள் தொகுதிகளாக வந்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் அவரிடம் கற்க வந்தன.

கோட்பாடு செய்பவர்கள் மேல்சாதியினர், தரவு திரட்டுபவர்கள் மற்றவர்கள் என்று இந்தியச் சமூக அறிவியலே வருணமாகப் பிரிந்து கிடக்கிறது என்று கோபால் குரு 2002இல் எழுதினார். நம் பிள்ளைகள் இப்போது எம்.ஏ.வுக்கும் ஆராய்ச்சிக்கும் போய்விட்டார்கள். அவர்களிடம் "நீ உன் மக்களைப் பற்றியே எழுதினால் சார்பு வந்துவிடும்" என்கிறார்கள். அக்கிரகாரத்தில் பிறந்தவர் அக்கிரகாரத்தில் தங்கி எழுதினால் புறநிலை, காலனியில் பிறந்தவர் காலனியைப் பற்றி எழுதினால் சார்பு. இது எந்த ஊர் நியாயம்? சார்பு எல்லோருக்கும் உண்டு. அதை எழுதி வைத்தவரின் ஆய்வைச் சோதிக்க முடியும், ஒளித்து வைத்தவரின் ஆய்வைச் சோதிக்க முடியாது. ஆய்வுமுறையின் வேலையே சோதிக்க வழி விடுவதுதான்.

ஆகவே இந்தப் பருவத்தில் ஆய்வேடு எழுதப் போகும் தம்பி தங்கைகளிடம் சில கோரிக்கைகள். உங்கள் முறையியல் இயலில் மாதிரி எண்ணிக்கையோடு இவற்றையும் எழுதுங்கள்: யார் உங்களைத் தெருவுக்குக் கூட்டிவந்தார், நேர்காணலின்போது பதில் சொன்னவர் உட்கார்ந்திருந்தாரா நின்றாரா, பக்கத்தில் யார் இருந்தார், எந்த வீட்டில் தண்ணீர் குடித்தீர்கள், எந்தத் தெருவுக்குப் போகவில்லை. கட்டத்துக்குள் அடங்காத பதிலைப் பின்னிணைப்பாகவாவது அச்சடியுங்கள். ஓராண்டு கழித்து அதே தெருவுக்கு ஒருமுறை திரும்பி வாருங்கள். ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் பத்துப் பக்கம் எழுதி, பதில் சொன்ன தெருவிலேயே ஒரு சாயங்காலம் வாசித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். புதூர்ப் பக்கம் வருவதாக இருந்தால் நானும் வருகிறேன், பெஞ்சு போட்டுக் கொடுக்கிறோம்.